ஒரு பெல்ட் எத்தனை வருடம் உழைக்கும்?

(சங்கத்தின் குடும்பச் சுற்றுலாவில், தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையில் மதிய உணவுக்குப் பிறகு நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



சாப்பாடு நன்றாக இருந்தது. ஆண்களில் பாதிப் பேர் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்த பெல்ட்டைப் பற்றித்தான் இருபது நிமிடம் பேசப் போகிறேன். தூக்கம் வந்தால் தூங்கலாம். கட்டுரையாக நம் இதழில் வந்துவிடும்.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. போன செயற்குழுவில் நம் காவலாளிகளின் சீருடை பற்றிய பேச்சு வந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்படும் பெல்ட் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. மேல் பூச்சு செதில் செதிலாக உரிகிறது, ஓட்டை கிழிகிறது. இரவுப் பணியில் இருக்கும் ஒருவர் பக்கிள் பக்கத்தில் நூல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அப்போது ஒருவர், "பெல்ட் என்றால் அவ்வளவுதான் சார், ஆறு மாதம், ஒரு வருடம்" என்றார். இன்னொருவர், "எங்கள் அப்பா கட்டின பெல்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது, அதை என் பையன் கட்டுகிறான்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அவர்கள் பேசியது இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றி. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கறுப்பு நிறம், ஒரே பளபளப்பு. நான் சொல்ல வருவது இதுதான்: பெல்ட்டின் ஆயுளில் பாதி நாம் அதை வாங்கும் நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி வியர்வையையும் ஈரத்தையும் நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதில் இருக்கிறது.

வழியில் பார்த்த இரண்டு செடிகொடிகள்

இதைப் பேசச் சித்தேரி பொருத்தமான இடம். அரூர் பக்கம் வரும்போது சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்திருந்த புதரைப் பார்த்து நிறையப் பேர் படம் எடுத்தீர்கள். அது ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஆவாரம்பூ. பூவைத் தேநீரில் போடுகிறோம், உடம்புக்கு நல்லது என்கிறோம். ஆனால் தோல் தொழிலுக்கு வேண்டியது அதன் பட்டை.

இரண்டாவது, இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் கடுக்காய் மரம். சித்தேரி, கல்வராயன், சவ்வாது, கொல்லி என்று இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் கடுக்காய் பொறுக்கி விற்பது பழைய வழக்கம். மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்தான். கடுக்காய் நமக்கு நாட்டு மருந்துக் கடையில் தெரிந்த பெயர், திரிபலாவில் ஒன்று. தோல் பதனிடும் இடத்துக்கு அது மூட்டை மூட்டையாகப் போகும் சரக்கு.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாயில் போட்டால் நாக்கைப் பிடித்து இழுப்பது போலத் துவர்க்கும். அந்தத் துவர்ப்புதான் சூட்சுமம். வெற்றிலை பாக்கு போடும்போது வாய் இறுகுகிறதே, அதே வேலையைத் தோலிலும் செய்கிறது. துவர்ப்புப் பொருளான டானின், தோலில் உள்ள கொல்லாஜன் என்ற நார்களோடு பிணைந்துகொள்கிறது. பிணைந்தபின் அந்த நார்களைக் கிருமிகள் எளிதில் தின்ன முடியாது. நனைந்தால் அழுகாது. காய்ந்தால் கட்டை மாதிரி விறைக்காது.

பதனிடாத தோல் எப்படி இருக்கும் என்பதற்குப் பறையைப் பாருங்கள். வாசிப்பதற்கு முன் பறையை நெருப்பில் காட்டுவார்கள். ஈரம் போனதும் தோல் சுருங்கி இறுகி, கணீரென்று ஒலிக்கும். பறைக்கு அது வேண்டும். இடுப்பில் கட்டுகிற தோல் அப்படி இறுகினால் என்ன ஆகும்? உடையும். பச்சைத் தோலைப் பெல்ட்டாக்குவது பதனிடுதல். அதைச் சரியாகச் செய்யாத தோலை நாம் எவ்வளவு பராமரித்தாலும் வீண்.

மோட்டார் வருவதற்கு முன் நம் ஊர்க் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இரும்புச் சாலின் அடியில் தோலால் தைத்த வால் ஒன்று தொங்கும். நாள் முழுக்க அது தண்ணீரில் முங்கும், வெயிலில் எழும், மறுபடி முங்கும். தோலுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. அதுவும் உழைத்தது. காரணம் இரண்டு: முறையாகப் பதனிட்ட தோல், அவ்வப்போது எண்ணெய் காட்டிய கை. இன்றைக்கு நான் சொல்லப்போகும் பராமரிப்பு முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பட்டையிலிருந்து குரோமுக்கு

ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, எண்ணெய் கொடுத்து உலர்த்திய நம் ஊர்த் தோல் கப்பலேறி லண்டன் போனது. ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுத்து இளமஞ்சள் நிறத்தைக் காக்கும். வெளிநாட்டில் அதற்கு ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர். ஷூவின் உள்பக்கத்துக்கும் புத்தக அட்டைக்கும் அதைத் தேடி வாங்கினார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு எல்லாம் இதற்குப் பெயர்போன ஊர்கள். இன்று இ.ஐ. லெதர் என்ற பெயரில் அது தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆவாரம்பட்டை போதாமல் போனபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை அந்த இடத்துக்கு வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் நாம் பார்க்கிற சீகை மரத் தோட்டங்கள் அப்படி வளர்க்கப்பட்டவை.

அடுத்து வந்தது குரோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றுக் கவலைக்கு அந்தத் தோல் தாங்குமா என்று பார்த்ததும் அதில் ஒரு பகுதி. பிறகு பல்லாவரத்தை ஒட்டிக் குரோம் லெதர் கம்பெனி வந்தது. இன்றைய குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் தயார். மென்மையாக இருக்கும், எந்தச் சாயமும் ஏறும், தண்ணீரும் அவ்வளவாகப் பாதிக்காது. உலகத்தில் இன்று தயாராகும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான். இரண்டிலும் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. பெல்ட்டைப் பொறுத்தவரை, பட்டையில் பதனிட்டது கொஞ்சம் விறைப்பாக, உருக்குலையாமல் இருக்கும். உடம்போடு பழகப் பழக நிறம் ஏறி அழகாகும். குரோமில் பதனிட்டது முதல் நாளிலிருந்தே மெத்தென்று இருக்கும். வருடங்கள் போனால் நீளும்.

இதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இங்கிருந்து வடக்கே ஊத்தங்கரை, திருப்பத்தூர் தாண்டிப் போனால் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே தோல் ஷாப்பு என்றால் விற்கும் கடை இல்லை, பதனிடும் தொழிற்சாலை. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் குரோமும் கலந்த அந்தத் தண்ணீர் பல வருடங்கள் பாலாற்றுப் பக்கம் போய், கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு நலச் சங்கம்தான்: வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது அந்தத் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியானது அந்த வழக்கில்தான். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள், சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் நடத்தக்கூடாது என்றார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு பெல்ட்டைக் குப்பையில் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் மட்டும் போகவில்லை. ஒரு மாட்டின் தோல், யாரோ ஒருவர் ஊர்க் கிணற்றின் தண்ணீர், கடைக்கு வருவதற்கு முன் அந்தத் தோலைத் தொட்ட பத்துப் பேரின் உழைப்பு, எல்லாம் சேர்ந்து போகிறது.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

மாட்டுத் தோல் அடை மாதிரி தடிமனாக இருக்கும். இயந்திரத்தில் அதை அடுக்காகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல் அடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும்; பலம் அங்கேதான். அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் ஃபுல் கிரெயின். கொசுக்கடித் தழும்பு, கீறல் எல்லாம் தெரியாமல் லேசாகத் தேய்த்துப் பூச்சுக் கொடுத்தால் டாப் கிரெயின். மேல் அடுக்கை எடுத்தபின் அடியில் மிஞ்சுவது ஸ்ப்ளிட். அதுவும் தோல்தான், ஆனால் நார் தளர்வு. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்து, தோலின் ரேகையை அச்சில் அழுத்திவிடுவார்கள். கடைசியில், வெட்டிய துண்டுகளையும் தூளையும் அரைத்துப் பசையில் ஒட்டித் தகடாக்கினால் அது பாண்டட் லெதர். மரத்தூளை ஒட்டிப் பலகை செய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஜெனுயின் லெதர்" என்று முத்திரை குத்தியிருந்தால், இதில் தோல் இருக்கிறது என்ற அளவுக்குத்தான் அர்த்தம். எந்த அடுக்கு என்று அது சொல்லாது. ஸ்ப்ளிட்டிலும் அதே முத்திரை விழும்.

அதனால் முத்திரையைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். பெல்ட்டின் வெட்டு விளிம்பில் ஒரே தோல் மேலிருந்து கீழ்வரை தெரிந்தால் நல்லது. மேலே ஒரு மெல்லிய தோல், நடுவில் அட்டை மாதிரி ஒன்று, அடியில் இன்னொரு தோல் என்று மூன்று அடுக்காக இருந்தால், அதன் ஆயுள் நடுவில் இருக்கும் அட்டையின் ஆயுள்தான். ஓரத்தைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் ஓட்டைக்குள் பாருங்கள். அங்கே பெயின்ட் போகாது. ஓட்டை இருக்கும் இடத்தில் லேசாக மடக்குங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறையும். பூச்சுத் தோலில் கோடு நிற்கும். பாண்டட் என்றால் பூச்சு பிளந்து நார் தெரியும்.

ஒரே தோலில் செய்த பெல்ட் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். நீளம், உங்கள் பேன்ட் இடுப்பளவை விட 2 அங்குலம் கூடுதலாக எடுங்கள். ஐந்து ஓட்டையில் நடு ஓட்டையில் மாட்ட வேண்டும். எடை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். எப்போதும் கடைசி ஓட்டையில் மாட்டுகிற பெல்ட் சீக்கிரம் கிழியும்.

பக்கிளையும் பாருங்கள். திருகாணியோ பித்தானோ போட்டுக் கழற்றி மாட்டுகிற பக்கிள் நல்லது. ரிவெட் அடித்தோ தையல் போட்டோ நிரந்தரமாகப் பிடித்திருந்தால், பக்கிள் போகும்போது பெல்ட்டும் போகும்.

விலைக் கணக்கு ஒன்று. எண்கள் விளங்குவதற்காகச் சொல்கிறேன். 300 ரூபாய் பெல்ட் ஆறு மாதம் வந்தால் வருடத்துக்கு 600. 1,200 ரூபாய் பெல்ட் எட்டு வருடம் வந்தால் வருடத்துக்கு 150. கையில் அப்போதைக்கு 1,200 இல்லாதவர் 300 கொடுத்து, கடைசியில் நம்மைவிட அதிகம் செலவு செய்கிறார். நம் காவலாளிகள் நிலை அதுதான்.

எவ்வளவு நாள் வரும்?

தினமும் அலுவலகம் போகிறவர் கட்டினால் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தோலில் செய்த ஃபுல் கிரெயின் பெல்ட் பத்து வருடம் தாராளமாக வரும். கவனித்தால் அதற்கு மேலும் வரும். இரண்டு தோல் சேர்த்துத் தைத்த நல்ல ஃபார்மல் பெல்ட் மூன்று முதல் ஐந்து வருடம். பூச்சுக் கொடுத்த ஸ்ப்ளிட் ஒன்றிரண்டு வருடம். பாண்டட், ரெக்சின் எல்லாம் ஒரு வருடத்துக்குள்.

ரெக்சினில் ஒரு விசேஷம் உண்டு. கட்டாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உரியும். அதன் மேல்பூச்சான பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளிருந்தே சிதைகிறது. "விசேஷத்துக்கு மட்டும் கட்டலாம் என்று புதிதாக வைத்திருந்தேன், எடுத்தால் மாவாகக் கொட்டுகிறது" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

பராமரிப்பு: ஐந்தே விஷயம்

ஒன்று, ஓய்வு. நம் ஊர் வியர்வைக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. நாள் முழுக்க வியர்வையை உறிஞ்சிய தோல் ஒரு இரவில் முழுதாகக் காயாது. வியர்வையில் உள்ள உப்பு தங்கினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும். இரண்டு பெல்ட் வைத்து நாள் விட்டு நாள் மாற்றிக் கட்டினால், இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்குக்கு மேலேயே உழைக்கும்.

இரண்டு, கழற்றி மாட்டுவது. பேன்ட்டிலேயே பெல்ட்டை விட்டுவிட்டு, பேன்ட்டை ஆணியில் தொங்கவிடும் பழக்கம் பல வீட்டில் உண்டு. அப்படி விட்டால் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து வெடிக்கும். கழற்றிப் பக்கிளைப் பிடித்து நேராகத் தொங்கவிடுங்கள். இடமில்லை என்றால் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். சுருட்டும்போது நல்ல பக்கம் வெளியே இருக்கட்டும்.

மூன்று, துடைப்பது. வாரம் ஒரு தடவை, பிழிந்த ஈரத்துணியால் உள்பக்கத்தைத் துடைத்தால் உப்பு போய்விடும். சோப்பு, ஷாம்பு வேண்டாம். ஹேண்ட் சானிடைசரும் சென்ட்டும் தோலின் பூச்சைக் கரைக்கும். பெல்ட் கட்டியபின் சென்ட் அடிக்காதீர்கள்.

நான்கு, எண்ணெய்ப் பசை. வருடத்துக்கு இரண்டு தடவை போதும். வெயில் காலம் முடிந்து ஒன்று, மழைக்காலம் முடிந்து ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நிறமில்லாத லெதர் கிரீமோ தேன்மெழுகு கலந்த கிரீமோ பட்டாணி அளவு எடுத்து, மெல்லிய துணியில் தடவி, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் தேயுங்கள். ஷூ பாலிஷ் வேண்டாம்; அந்தக் கறுப்பு சட்டையில் ஏறும்.

ஐந்து, வெயிலும் நெருப்பும் ஆகாது. நனைந்த பெல்ட்டை வெயிலில் போடுவது, ஹேர் டிரையர் காட்டுவது, அயர்ன் பாக்ஸ் வைப்பது மூன்றும் ஒன்றுதான். பறையைக் காய்ச்சின மாதிரி தோல் இறுகிப்போகும். மின்விசிறிக் காற்றில், நிழலில், நேராகப் போட்டு இரண்டு நாள் விடுங்கள்.

மழைக்காலத்துப் பூஞ்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் குடியிருப்பில் கீழ்த்தள வீடுகளில் அது அதிகம். வெள்ளையாகப் பொடி படிந்தால் பால்கனிக்கு எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை பரவும். பிறகு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வைக்காதீர்கள். தோலுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பெல்ட் இருக்கும் தட்டில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டாம்.

தூக்கிப் போடுவதற்கு முன்

பெல்ட்டில் முதலில் போவது பெரும்பாலும் தோல் இல்லை. வளையம் அறும், பக்கிள் துருப்பிடிக்கும், தையல் பிரியும், ஓட்டை நீளும். நான்கையும் செருப்பு தைப்பவர் பத்து நிமிடத்தில் சரிசெய்வார். புது ஓட்டை வேண்டும் என்றால் வீட்டில் ஆணியைச் சுட்டுக் குத்தாதீர்கள். ஆணி தோலைக் கிழித்து ஓரம் விடும், அங்கிருந்து வெடிப்பு ஓடும். அவரிடம் இருக்கும் வட்ட உளி சுத்தமாக ஒரு வில்லையை வெட்டி எடுத்துவிடும். நீளத்தைக் குறைக்க வேண்டும் என்றால் நுனியில் வெட்டாமல், பக்கிளைக் கழற்றி அந்தப் பக்கம் வெட்டச் சொல்லுங்கள். ஓட்டைகளின் இடைவெளி மாறாது, நுனியின் வடிவமும் கெடாது.

இப்போது சங்கத்துக்கு என் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, நம் கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்காரும் செருப்பு தைக்கும் பெரியவரைப் பற்றி. "கேட்டுக்கு எதிரே பார்வைக்கு நன்றாக இல்லை" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு வந்தது, இருபது பேர் கட்டை விரல் காட்டினார்கள். நான் வாதத்துக்கு வரவில்லை. தோலைத் தொடுகிறவர்களைத் தள்ளி நிறுத்தி, தோல் பொருளை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்வது நம் ஊரில் மிகப் பழைய வழக்கம். அதை நம் கேட்டிலும் தொடர வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை உள்ளே அழைத்து, கிளப் ஹவுஸ் வராந்தாவில் ஒரு நாற்காலியும் மேசையும் போடுவோம். பெல்ட், செருப்பு, பள்ளிக்கூடப் பை, எல்லா வீட்டிலும் வேலை இருக்கிறது. அவருக்கு நிச்சயமான ஒரு நாள் வருமானம். நமக்குக் குப்பை குறையும்.

இரண்டாவது, காவலாளிகள் பெல்ட். பன்னிரண்டு மணி நேர வேலை, மழையிலும் வெயிலிலும் நிற்கிறவர்கள். அவர்களுக்கு ரெக்சின் தாங்காது. ஒரே தோலில் செய்த, பக்கிள் கழற்றி மாட்டுகிற பெல்ட் ஆளுக்கு இரண்டு, சங்கமே வாங்கிக் கொடுக்கலாம். ஒன்று காயும்போது இன்னொன்று. பராமரிப்பு நிதியில் ஒரு வீட்டுக்கு வரும் பங்கு, இன்று நாம் வழியில் குடித்த இளநீர் விலைகூட இருக்காது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி நேரம்

*தேங்காய் எண்ணெய் தடவலாமா?*

பூச்சுக் கொடுத்த பெல்ட்டில் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே நின்று தூசியைப் பிடிக்கும், சட்டையில் கறை விழும். பூச்சில்லாத பட்டைத் தோல் பெல்ட் என்றால் இரண்டு சொட்டு தடவலாம், நிறம் கொஞ்சம் கறுக்கும். ஆனால் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளைப் படலமாக நிற்கும். கிரீம்தான் நல்லது.

*பக்கிள் படுகிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே அரிப்பும் தடிப்பும் வருகிறது. தோல் ஒத்துக்கொள்ளவில்லையா?*

பெல்ட்டின் தோலைவிட, பக்கிளில் இருக்கும் நிக்கல்தான் அந்த இடத்தில் ஒவ்வாமைக்கு வழக்கமான காரணம். ஜீன்ஸ் பித்தானிலும் வரும். வியர்வையில் நிக்கல் கரைந்து உடம்பில் படுகிறது. பித்தளைப் பக்கிளோ நிக்கல் இல்லாத பக்கிளோ மாற்றிப் பாருங்கள். சட்டையை உள்ளே விட்டுக் கட்டுங்கள். அடங்கவில்லை என்றால் சரும மருத்துவரைப் பாருங்கள்.

*வாஷிங் மெஷினில் பேன்ட்டோடு போய்விட்டது. பிழைக்குமா?*

ஒரே தோல் என்றால் பிழைக்கும். துண்டில் ஒற்றி எடுத்து, மேசையில் நேராக வைத்து, ஓரங்களில் கனமான புத்தகம் வைத்து நிழலில் உலர விடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் கிரீம் இரண்டு தடவை, ஒரு நாள் இடைவெளியில். நடுவில் அட்டை வைத்த பெல்ட் என்றால் உப்பி அடுக்கு பிரியும். அதற்கு வைத்தியம் இல்லை.

*நாங்கள் தோல் பொருளே வேண்டாம் என்று இருப்பவர்கள். வீகன் லெதர் என்று விற்கிறார்களே, நல்லதா?*

அந்தப் பெயரில் கிடைப்பதில் நிறையப் பாலியூரித்தேன்தான். உரியும் கதை அதற்கும் உண்டு. தோல் வேண்டாம் என்றால் கெட்டியான பருத்தி நாடா பெல்ட் அல்லது கேன்வாஸ் பெல்ட் வாங்குங்கள். துவைக்கலாம், உரியாது, பல வருடம் வரும்.

*இந்த ஊர்க் கடுக்காய் இன்னும் தோலுக்குப் போகிறதா?*

கடுக்காய்ப் பொடியும் சாறும் இன்றும் தோல் பதனிடப் பயன்படும் பொருள்கள்தான், மருந்துக்கும் போகிறது. 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்குச் சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. போகும்போது வழியில் யாராவது கடுக்காயோ புளியோ தேனோ விற்றால், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போவோம்.

வேன் ஓட்டுநர் மணியைப் பார்க்கிறார். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும்.